கிளவுட் பக்கப் சந்தாவை நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வந்தாலும் பற்றரி மாற்ற வந்தாலும், போனைக் கையில் வாங்கிய பிறகு பலர் கேட்பது ஒன்றுதான்: மாதாமாதம் கிளவுட்டுக்கு, அதாவது படங்களையும் கோப்புகளையும் பிரதி எடுத்து (பக்கப்) இணையத்தில் வைக்கும் இடத்துக்கு, போகும் காசை எப்படி நிப்பாட்டுவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்தால் அனுப்பிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

பட்டன்களின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். அவசரத்தில் இருப்பவர்கள் 2ஆம் கேள்வியை மட்டும் படித்துவிட்டு ஓடவேண்டாம், 5ஐயும் 7ஐயும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

1. நான் ஒண்டும் வாங்கேல்லை. பிறகேன் மாசம் மாசம் காசு வெட்டுப்படுது?

பெரும்பாலும் வாங்கியிருப்பீர்கள், வாங்கியது நினைவில் இருக்காது. இலவசமாகத் தரும் இடம் கொஞ்சம்தான். கூகிள் 15 ஜிபி தருகிறது, அதுவும் ஜிமெயில், ட்ரைவ், கூகிள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அப்பிளும் மைக்ரோசொஃப்டும் 5 ஜிபி, ட்ரொப்பொக்ஸ் 2 ஜிபி. ஒரு கலியாண வீட்டு வீடியோ போதும், அப்பிளின் 5 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று அறிவித்தல் வந்துகொண்டே இருக்கும். வேறு எதற்கோ கார்ட் இலக்கம் கொடுத்து வைத்த போன் என்றால், அந்த அறிவித்தலில் இரண்டு தரம் தட்டினாலே சந்தா தொடங்கிவிடும். பிள்ளைகள் கையில் போன் இருந்த நேரமாகவும் இருக்கலாம்.

யாருக்குப் போகிறது என்று அறிய வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். கூகிள், அப்பிள், மைக்ரோசொஃப்ட் என்று பெயர் இருக்கும். பெயர் கூகிள் என்றாலும் அது யூடியூப் சந்தாவாகவும் இருக்கலாம், ஆகவே அடுத்த பதிலில் சொல்லும் பட்டியலைத் திறந்து உறுதி செய்யுங்கள்.

தொகை மாதத்துக்கு மாதம் மாறுகிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அப்பிள் இலங்கையில் டொலரில்தான் அறவிடுகிறது. வங்கி அதை அன்றைய விலைக்கு ரூபாயாக்கி, தன் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை போனது. 0.99 டொலர் திட்டத்துக்கு 200 ரூபாய் கட்டியவர்கள் 350க்கு மேல் கட்டினார்கள். "அப்பிள்காரன் விலையைக் கூட்டிப்போட்டான்" என்று அப்போது பலர் ஏசினார்கள். பாவம், அந்தத் தடவை அவன் கூட்டவில்லை.

2. சரி, எங்க போய் நிப்பாட்டுறது?

எந்த வாசலால் உள்ளே போனீர்களோ அந்த வாசலால்தான் வெளியே வரலாம். கூகிளின் சேவையை அப்பிள் வழியாக வாங்கியிருந்தால் அப்பிளில்தான் நிறுத்த வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அன்ட்ரொயிட் போனில் வாங்கிய கூகிள் வன் (கூகிளில் கூடுதல் இடத்துக்குக் காசு கட்டும் சந்தா): ப்ளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள உங்கள் வட்டப் படத்தைத் தட்டுங்கள். 'பேமென்ட்ஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. அங்கே கூகிள் வன் இருக்கும். அதைத் தட்டி 'கான்சல் சப்ஸ்கிரிப்ஷன்'. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கும், விலையைக் குறைத்துத் தரவா என்றும் சில வேளை கேட்கும். கடைசித் திரை வரை போகாவிட்டால் நிறுத்தியதாகாது. கணினியில் என்றால் கூகிள் வன் தளத்தில் செட்டிங்ஸுக்குள் 'கான்சல் மெம்பர்ஷிப்' உண்டு. ஐபோனில் உள்ள கூகிள் வன் அப்பில் வாங்கியவர்கள் ஐபோனின் செட்டிங்ஸில் தங்கள் பெயரைத் தட்டி, 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதற்குள் போக வேண்டும்.

ஐகிளவுட் (அப்பிளின் கிளவுட்): செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், ஐகிளவுட், ஸ்டோரேஜ், 'சேஞ்ச் ஸ்டோரேஜ் பிளான்', பிறகு 'டவுன்கிரேட் ஒப்ஷன்ஸ்'. அதில் 5 ஜிபி இலவசத் திட்டத்தைத் தெரிவு செய்து 'டன்' கொடுங்கள். பல போன்களில் 'கான்சல்' என்ற சொல்லே கண்ணில் படாது. அதைத் தேடித் தேடிக் களைத்துப் போனவர்கள்தான் கடைக்கு வருகிறார்கள். இங்கே இலவசத் திட்டத்துக்கு இறங்குவதே நிறுத்துவது.

மைக்ரோசொஃப்டுக்குக் கணினியில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து 'சேர்விசஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. ட்ரொப்பொக்ஸுக்கு அவர்களின் தளத்தில் செட்டிங்ஸுக்குள் 'பிளான்'. இரண்டிலும் வழி நேரானது.

கார்ட் இல்லாமல் சிம்மில் உள்ள காசிலிருந்தோ மாத பில்லிலிருந்தோ கழிபடுகிறவர்களும் ப்ளே ஸ்டோரில்தான் நிறுத்த வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் வரிசையில் நின்று பயனில்லை.

3. அப்பை டிலீட் பண்ணிப் போட்டன். இனிக் காசு போகாதுதானே?

போகும். அப் என்பது உங்கள் போனில் இருக்கும் ஒரு திரை மட்டும்தான், சந்தா உங்கள் கணக்கில் இருக்கிறது. போனையே உடைத்துக் குப்பையில் போட்டாலும் அது பாட்டில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். 2ஆம் பதிலின்படி நிறுத்த வேண்டும்.

4. உதுக்கேன் இவ்வளவு கரைச்சல்? பாங்குக்குப் போய் கார்டை நிப்பாட்டினாச் சரிதானே?

காசு போவது நிற்கும், ஆனால் நல்ல வழி இல்லை. காசு எடுக்க முடியாவிட்டால் நிறுவனம் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும், கார்ட்டை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பும், பிறகு சந்தாவை முடித்துவிடும். எந்தத் திகதியில் முடிகிறது என்பது உங்கள் கையில் இருக்காது. படங்களை எடுத்து வைக்க அவகாசம் வேண்டும் என்றால் அந்தத் திகதி தெரிந்திருக்க வேண்டும்.

அப்பிளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கட்டாத பாக்கி கணக்கில் நின்றால் புது அப் இறக்குவதும் இருக்கிற அப்பை அப்டேட் செய்வதும்கூடத் தடைப்படலாம். அதே கார்ட்டில் மின்சார பில்லும் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பும் கட்டுகிறவர்கள் அவற்றையும் சேர்த்து இழப்பார்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ கார்ட் இலக்கத்தைத் திருடி எடுக்கிறார்கள் என்றால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கு அழையுங்கள்.

5. இண்டைக்கு நிப்பாட்டினா இண்டைக்கே படமெல்லாம் அழிஞ்சு போயிடுமோ?

இல்லை. காசு கட்டிய காலம் முடியும் வரை எல்லாம் அப்படியே இருக்கும். உங்கள் சந்தா ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி புதுப்பிக்கப்படுவதென்றால், 3ஆம் திகதி நிறுத்தினாலும் 20 வரை இடம் உங்களுடையதுதான். அதனால் 'கடைசி நாள் பார்த்து நிப்பாட்டுவம்' என்று காத்திருக்கத் தேவையில்லை. காத்திருந்து மறந்து இன்னொரு மாதக் காசைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடப்பது.

அந்தக் காலம் முடிந்த பிறகும் உடனே எதுவும் அழியாது. கூகிளில் 15 ஜிபிக்கு மேல் இருந்தால் புதிய படங்கள் ஏறாது, ட்ரைவில் எதையும் சேர்க்க முடியாது. இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்காதது ஜிமெயில். அளவுக்கு மேல் நிற்கும் கணக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பவும் முடியாது, வருவதும் வந்து சேராது. விசாவுக்கோ வேலைக்கோ பதில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் படங்களை விட இதற்குத்தான் பயப்பட வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து அளவுக்கு மேல் நின்றால் ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸில் உள்ளவற்றை அழிக்கலாம் என்பது கூகிளின் விதி. அதற்கு முன் அறிவித்தல் அனுப்புவார்கள். அப்பிளில் 5 ஜிபிக்கு மேல் நின்றால் புதுப் படங்கள் ஏறுவதும் போன் பக்கப்பும் ஐகிளவுட் மின்னஞ்சலும் நின்றுவிடும். பக்கப் எடுப்பது நின்றால் கடைசியாக எடுத்த போன் பக்கப்பை 180 நாள் வைத்திருப்பார்கள். மைக்ரோசொஃப்டின் ஒன்ட்ரைவில் பார்க்கலாம், இறக்கலாம், ஏற்ற முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டால் கோப்புகள் அழிக்கப்படலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் வயதானவர்களிடம் வேறொரு பயமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர்கள் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை. கலியாணப் படம் ஒன்றுகூடக் கையில் இல்லாத தம்பதிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "உது தேவையில்லாத செலவு அம்மா" என்று நான் சொல்வதில்லை. படங்களின் இன்னொரு பிரதி கையில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

6. பாதி மாசத்தில நிப்பாட்டினா மிச்சக் காசைத் திருப்பித் தருவினமோ?

பொதுவாக இல்லை. மிச்ச நாட்களுக்குச் சேவை தருகிறார்களே தவிர காசு தருவதில்லை. தெரியாமல் இப்போதுதான் வாங்கிவிட்டீர்கள் என்றால் உடனே கேட்டுப் பாருங்கள்: ப்ளே ஸ்டோரில் வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் என்றால் வாய்ப்பு அதிகம், அப்பிளுக்கு 'ரிப்போர்ட் எ புரொப்ளம்' என்ற பக்கம் உண்டு.

7. அப்ப படங்களை எப்பிடி வெளியில எடுத்து வைக்கிறது?

கூகிளுக்கு 'கூகிள் டேக்அவுட்' என்ற தளம். உள்ளே போனால் எல்லாச் சேவைகளுக்கும் ஏற்கெனவே சரி அடையாளம் போட்டிருக்கும். 'டிசெலக்ட் ஓல்' கொடுத்துவிட்டு கூகிள் போட்டோஸை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கேட்கும். 2 ஜிபி என்று விட்டால் 100 ஜிபி படத்துக்கு ஐம்பது சிப் கோப்புகள் (பல படங்களை ஒன்றாக அடைத்த கோப்பு) வந்து தலை சுற்றும், 50 ஜிபி என்று வைத்தால் இணைப்பு நடுவில் அறுந்தால் பெரிய நட்டம். 10 ஜிபி நடுத்தரம். கோப்புகள் தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், சில மணித்தியாலமும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். அந்த இணைப்பு ஒரு கிழமைதான் வேலை செய்யும். டேக்அவுட் எடுப்பது பிரதிதான், கூகிளில் உள்ளதை அது அழிக்காது.

இறக்கிய பிறகு சிலர் பதறுவார்கள், ஒவ்வொரு படத்தோடும் 'ஜேசன்' என்று ஒரு சின்னக் கோப்பு கிடக்கும். எடுத்த திகதி, இடம் போன்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. வைரஸ் இல்லை. அழிக்காமல் படங்களோடேயே வைத்திருங்கள்.

ஐகிளவுட் படங்களைக் கணினியில் ஐகிளவுட் தளத்துக்குள் போய் ஒரு தடவைக்கு 1000 வரை தெரிவு செய்து இறக்கலாம். நிறைய இருந்தால் அப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் முழுப் பிரதி கேட்கலாம், ஏழு நாள் வரை எடுக்கும். ஒன்ட்ரைவில் விண்டோஸ் கணினியில் உள்ள ஒன்ட்ரைவ் ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஓல்வேய்ஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் இறங்கிய பிறகு வெளி ஹார்ட் டிஸ்கில் கொப்பி பண்ணுங்கள்.

இதைப் போன் டேட்டாவில் செய்யாதீர்கள். 10 எம்பிபிஎஸ் வேக இணைப்பில் 100 ஜிபி இறங்க இருபத்திரண்டு மணித்தியாலம் பிடிக்கும், 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணித்தியாலம் வரும். ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில், இரவு டேட்டா மிச்சமிருக்கும் நாட்களில் லப்டொப்பைப் போட்டுவிட்டுப் படுங்கள். இறக்கியதை ஹார்ட் டிஸ்க் இரண்டில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு வீட்டில். பென் ட்ரைவை நம்ப வேண்டாம். கடைசியாக, திறந்து பாருங்கள்: மிகப் பழைய வருடத்தில் சில, புதியதில் சில, வீடியோக்களில் சில. திறக்காத சிப் கோப்பு பக்கப் ஆகாது.

8. போனிலயே எல்லாப் படமும் தெரியுது. பிறகேன் இறக்கோணும்?

தெரிவதெல்லாம் போனில் இருப்பதில்லை. ஐபோனில் 'ஒப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் முழு அளவுப் படம் கிளவுட்டில் இருக்கும், போனில் சின்னப் பிரதிதான். கூகிள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்திருந்தால் ஏற்றிய படங்கள் போனிலிருந்தே நீக்கப்பட்டிருக்கும், ஆனாலும் அப்பைத் திறந்தால் வரிசையாகத் தெரியும்.

சோதிக்க ஒரு வழி: போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் பழைய வீடியோ ஒன்றை ஓடவிடுங்கள். ஓடாவிட்டால் அது போனில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, நிறையப் பேர் சறுக்கும் இடம். ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும்போது போனில் அழித்தால் கிளவுட்டிலும் அழியும், கிளவுட்டில் அழித்தால் போனிலும் அழியும். 'கிளவுட்டைக் காலியாக்குவம், போனில இருக்குத்தானே' என்று நினைத்து அழித்தால் இரண்டிலும் போய்விடும். கூகிள் போட்டோஸ் அப்பில் அழித்தாலும் அப்படித்தான். மீட்க அவகாசம் உண்டு: ஐபோனில் 'ரீசன்ட்லி டிலீட்டட்' என்பதற்குள் 30 நாள், கூகிள் போட்டோஸில் பக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். ஐபோனில் எதையும் அழிப்பதற்கு முன் ஐகிளவுட் போட்டோஸை அணையுங்கள். அணைக்கும்போது இறக்கவா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். போனில் இடம் காணாவிட்டால் 7ஆம் பதிலின் வழிதான்.

9. முழுக்க நிப்பாட்டாமல் கொஞ்சம் துப்புரவாக்கிப்போட்டு இலவசத்திலயே இருக்க ஏலாதோ?

ஏலும், பலருக்கு அதுதான் பொருத்தமும். கூகிள் வன்னில் 'கிளீன் அப் ஸ்பேஸ்' என்ற பகுதி பெரிய கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும். ஜிமெயிலின் ஸ்பாம், ட்ராஷ் இரண்டையும் காலி செய்யுங்கள், ட்ரைவின் ட்ராஷையும். அழித்தது ட்ராஷில் கிடக்கும் வரை அது பிடித்த இடம் திரும்ப வராது.

எவ்வளவு அழித்தும் இடம் வரவில்லை என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூன் 1க்கு முன் 'ஹை குவாலிட்டி' தரத்தில் கூகிள் போட்டோஸில் ஏற்றிய படங்கள் 15 ஜிபியில் கணக்கிடப்படுவதே இல்லை. அவற்றை அழித்தால் படம்தான் போகும், இடம் வராது. பழைய படங்களை விட்டுவிட்டு 2021க்குப் பிறகு எடுத்த வீடியோக்களில் கை வையுங்கள்.

2 டிபி (ஏறக்குறைய 2000 ஜிபி) திட்டத்தில் இருந்துகொண்டு 60 ஜிபி பாவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிறுத்தத் தேவையில்லை, 100 ஜிபிக்கு இறங்கினால் போதும். என்னைக் கேட்டால், ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் ஆகச் சின்னத் திட்டத்தை வைத்திருப்பது வீண் செலவு இல்லை.

10. வட்ஸ்அப் பக்கப்புக்கு என்ன நடக்கும்?

போனில் உள்ள செய்திகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அன்ட்ரொயிட்டில் வட்ஸ்அப் பக்கப் கூகிள் இடத்தில்தான் இருக்கிறது. முன்பு அது கணக்கில் சேராது; 2024 முதல் சேர்கிறது. எல்லோருக்கும் திடீரென்று 'ஃபுல்' ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் இல்லாவிட்டால் புதுப் பக்கப் எடுக்காது. போன் தொலைந்தால் அன்றுதான் தெரியும்.

வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சட்ஸ்', 'சட் பக்கப்' போய் 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணையுங்கள். காலை வணக்க வீடியோக்கள் போனாலே பாதி இடம் மிஞ்சும். போன் மாற்றுகிறவர்கள் கிளவுட் இல்லாமலே பழைய போனிலிருந்து புதியதுக்கு 'ட்ரான்ஸ்ஃபர் சட்ஸ்' மூலம் கியூஆர் ஸ்கான் செய்து மாற்றலாம், இரண்டும் அன்ட்ரொயிட்டாகவோ இரண்டும் ஐபோனாகவோ இருக்கும்போது.

11. மகன் கனடாவில இருந்து கட்டுறவர். நான் இஞ்ச இருந்து நிப்பாட்டலாமோ?

எப்படிக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. உங்கள் கணக்கில் தன் கார்ட்டைப் போட்டிருந்தால் சந்தா உங்களுடையது, நீங்களே 2ஆம் பதிலின்படி நிறுத்தலாம். தன் சந்தாவில் உங்களைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருந்தால் நிறுத்தும் உரிமை அவருக்குத்தான். நீங்கள் குழுவிலிருந்து விலகலாம், அவ்வளவே. கூகிளில் ஒருவர் இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கலாம், ஆனால் குழுவில் உள்ளவர்கள் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வழியில்தான் கட்டுகிறார்கள்.

குழுவின் தலைவர் நிறுத்தினால் எல்லோருமே தங்கள் தங்கள் 15 ஜிபிக்குத் திரும்பிவிடுவார்கள். மாமியின் ஜிமெயில் வேலை செய்யாமல் போன பிறகு காரணம் தேடுவதை விட, நிறுத்துவதற்கு முன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடச் சொல்லுங்கள்.

12. ஐபோனை வித்துப்போட்டு சாம்சங் வாங்கிட்டன். ஐகிளவுட் காசு இன்னும் போகுது!

போகத்தான் செய்யும், காரணம் 3ஆம் பதிலில் உள்ளதுதான். விண்டோஸ் கணினியில் 'ஐகிளவுட் ஃபோர் விண்டோஸ்' நிறுவி, உங்கள் அப்பிள் கணக்கில் நுழைந்து, ஸ்டோரேஜ் பகுதியில் இலவசத் திட்டத்துக்கு இறங்கலாம். நம்பிக்கையான ஒருவரின் ஐபோனில் உங்கள் கணக்கைப் போட்டுச் செய்யலாமே என்பார்கள். வேண்டாம், உங்கள் படங்களும் தொடர்பு எண்களும் அவருடையவற்றோடு கலந்துவிடும்.

விற்ற ஐபோன் இன்னும் உங்கள் கணக்கின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீக்கிவிடுங்கள், வாங்கியவருக்கும் அது நல்லது.

13. ப்ளே ஸ்டோரில போய்ப் பாத்தன், சந்தா ஒண்டுமே இல்லை எண்டு காட்டுது. ஆனா காசு போகுது.

வேறு ஜிமெயிலில் இருக்கிறது. போன் வாங்கும்போது கடையில் ஒரு புது ஜிமெயில் திறந்து கொடுப்பது இங்கே வழக்கம், அடுத்த போனுக்கு இன்னொன்று. ஒருவருக்கே மூன்று நான்கு இருக்கும், கடவுச்சொல் ஒன்றுக்கும் தெரியாது. ப்ளே ஸ்டோரில் வட்டப் படத்தைத் தட்டி ஒவ்வொரு கணக்காக மாற்றிப் பாருங்கள். பணம் எடுத்த கணக்கின் ஜிமெயிலுக்கு ஒவ்வொரு மாதமும் ரசீது வந்திருக்கும், அதுவே அடையாளம்.

கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்கும் முயற்சியை அந்தக் கணக்கு முன்பு இருந்த போனில், வழக்கமான வீட்டு வைஃபையில் செய்யுங்கள். கூகிள் அதைக் கவனிக்கிறது. பழைய சிம்முக்குக் குறியீடு போகிறதென்றால், இலக்கம் இன்னும் உங்கள் பெயரில் இருக்கும் வரை அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தில் புது சிம் எடுக்கலாம்.

14. அப்பா மோசம் போயிட்டார். அவற்ற போனுக்கு இப்பவும் காசு போகுது. என்ன செய்யிறது?

அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். ஒன்றிரண்டு மாதக் காசு போனால் போகட்டும், படங்களையும் குரல் பதிவுகளையும் முதலில் எடுங்கள். போனின் பூட்டு எண் தெரிந்தால் 7ஆம் பதிலின்படி எடுக்கலாம். சிம்மையும் உடனே ரத்துச் செய்யாதீர்கள், உறுதிப்படுத்தும் குறியீடுகள் அதற்குத்தான் வரும். வங்கிக்கு அறிவித்ததும் கார்ட் நின்றுவிடும், அதற்குப் பிறகு 5ஆம் பதிலில் சொன்ன காலக்கெடுக்கள் ஓடத் தொடங்கும்.

பூட்டு எண் தெரியாவிட்டால் கூகிளிலும் அப்பிளிலும் இறந்தவரின் கணக்குக்கென்று தனி விண்ணப்பம் உண்டு. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். எங்களுடையது தமிழில் இருப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து வைத்திருங்கள். எல்லாவற்றையும் தருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. நேரமும் எடுக்கும்.

உயிரோடு இருக்கும்போதே செய்துவைக்க அப்பிளில் 'லெகஸி கொன்டாக்ட்', கூகிளில் 'இன்அக்டிவ் அக்கவுன்ட் மனேஜர்' என்ற வசதிகள் உண்டு. வீட்டில் வயதானவர்களிடம் இந்தப் பேச்சை எடுப்பது சங்கடம்தான். முதலில் உங்கள் போனில் செய்துவிட்டு, "நான் செய்துபோட்டன் அப்பா, உங்கடையிலயும் போடுவமே?" என்று கேட்டுப் பாருங்கள்.

15. ஓராள் போன் எடுத்து, நிப்பாட்டித் தாறன், ஓடிபியைச் சொல்லுங்கோ எண்டுறார். குடுக்கலாமோ?

கூடாது. சந்தாவை நிறுத்த எந்த நிறுவனமும் உங்களை அழைத்து ஓடிபி கேட்பதில்லை. கடையில் எங்களிடம் வந்தாலும் கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், நாங்கள் திரும்பி நிற்போம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கி, பிறகு கடவுச்சொல் மாற்றம், அந்த வரிசையில்.

16. நிப்பாட்டினது சரியா நடந்ததோ எண்டு எப்பிடித் தெரியும்? பிறகு திரும்ப வேணுமெண்டா?

நிறுத்தியதும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். சந்தாப் பக்கத்தில் அடுத்த கட்டணத் திகதிக்குப் பதிலாக முடியும் திகதி காட்டும். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். அதற்குப் பிறகும் வங்கி எஸ்எம்எஸ் வந்தால், இரண்டாவது கணக்கொன்றில் இன்னொரு சந்தா இருக்கிறதா என்று 13ஆம் பதிலின்படி பாருங்கள்.

காலம் முடிவதற்குள் மனம் மாறினால் அதே பக்கத்தில் திரும்பத் தொடங்கலாம், எதுவும் இழக்கமாட்டீர்கள். முடிந்த பிறகும் புதிதாக வாங்கலாம், படங்கள் அழிக்கப்படாமல் இருக்கும் வரை அப்படியே கிடைக்கும். ஜிமெயில் மட்டும் வேறு. இடம் நிரம்பி நின்ற நாட்களில் உங்களுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும், காசு கட்டினாலும் அவை வராது. முக்கியமான பதிலை எதிர்பார்த்திருந்தால் அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.